எச்.ஐ.வி.யோடு வாழ்பவரின் மனத்துக்கு யாழ்ப்பாணத்தில் எங்கே போவது?

எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது என்று தெரிந்தவர் உடம்புக்கு எங்கே போவது என்பதில் யாழ்ப்பாணத்தில் இப்போது பெரிய குழப்பம் இல்லை. பெரியாஸ்பத்திரியில், அதாவது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில், பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. குளிசைகள் இலங்கையில் 2004 முதல் அரச கிளினிக்குகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒழுங்காகப் போட்டால் வைரஸ் இரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும்.

குழப்பம் மனத்தைப் பற்றியது. நித்திரை வருவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, குளிசைப் போத்தலைக் கண்டாலே நெஞ்சு அடைக்கிறது, "இனி என்னத்துக்கு" என்று தோன்றுகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? கிளினிக்கில் இருக்கிற தாதி மிஸ்ஸிடமா, மனநல வைத்தியரிடமா, ஒரு உளவளத்துணையாளரிடமா, இல்லை யாருக்கும் தெரியாமல் கொழும்புக்கா? தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கேள்வியோடு தவிக்கிறவர்களையும், அவர்களுக்காகத் தவிக்கிற தாய், மனைவி, அண்ணன்மாரையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வு இந்த நோயோடு சும்மா ஒட்டிக்கொண்டு வருகிற சின்ன விஷயம் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களிடையே பெரும் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்படுகிறது. மனம் விழுந்தவர் குளிசையைத் தவற விடுவார், கிளினிக் நாளைத் தள்ளிப் போடுவார். வைரஸ் திரும்பப் பெருகும், உடம்பு மெலியும், அதைப் பார்த்து மனம் இன்னும் விழும். ஆகவே மனத்துக்கான சிகிச்சை என்பது எச்.ஐ.வி. சிகிச்சையின் ஒரு பாகம். எங்கே போவது என்பதை முடிவெடுக்கும்போது மூன்று விஷயங்களை நான் பார்ப்பேன். இந்த வழியில் போனால் புதிதாக எத்தனை பேருக்கு நோயைச் சொல்ல வேண்டி வரும்? மனத்துக்குத் தரும் மருந்து எச்.ஐ.வி. குளிசையோடு ஒத்துப்போகுமா? ஆறு மாதம் விடாமல் போய்வர முடியுமா?

கொழும்பு

அனேகமானவர்களுக்கு முதலில் தோன்றுவது கொழும்புதான். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வீதியால் போனால் எதிரே ஒரு சொந்தக்காரராவது வருவார். கிளினிக் வாசலில் நின்றதைக் கண்டவர் வீட்டுக்கு வரும் முன்பே கதை போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம் இருக்கிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற உறவுகள் போனில் சொல்வதும் இதுதான்: "காசைப் பற்றி யோசியாதையுங்கோ, கொழும்பிலை காட்டுங்கோ."

பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய கிளினிக் கொழும்பில் இருக்கிறது. அனுபவம் அதிகம், வருகிறவர்கள் அதிகம், கூட்டத்தோடு கூட்டமாக நிற்கலாம். ஏற்கெனவே கொழும்பில் வேலை செய்கிறவருக்கும் படிக்கிறவருக்கும் அது சரியான இடம். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றிலேயே வேலை செய்கிற ஒருவருக்கு, கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் நோயாளியாக நிற்க முடியாது என்றால், அவருக்கும் சரி.

மற்றவர்களுக்கு? யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். இரவு பஸ்ஸில் ஏறி, விடிய இறங்கி, கிளினிக் முடித்து, அன்றிரவே திரும்பினாலும் இரண்டு நாள் சம்பளம் போய்விடும். வீட்டில் ஒவ்வொரு முறையும் ஒரு பொய் சொல்ல வேண்டும், அந்தப் பொய்யே மனத்துக்கு ஒரு சுமை. இரத்தப் பரிசோதனைக்கும் குளிசைக்கும் சில மாதத்துக்கு ஒருமுறை போய்வருவதை எப்படியாவது சமாளிக்கலாம். மனத்துக்கான சிகிச்சை அப்படி இல்லை. தொடக்கத்தில் வாரத்துக்கு ஒருமுறை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒருவரைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும். அதைக் கொழும்பில் வைத்துக்கொண்டால் இரண்டாவது மாதமே விட்டுப்போகும். மொழியும் இருக்கிறது. குளிசை எத்தனை மணிக்குப் போடுவது என்பதை மூன்றாவது ஆள் மொழிபெயர்த்தால் போதும். கணவன் கப்பலில் இருந்து கொண்டுவந்த நோயைப் பற்றி ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் ஊடாகப் பேச மாட்டாள். போவதானால், தமிழில் இருந்து பேசக்கூடிய ஒருவர் அன்றைக்கு இருப்பாரா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொரு விஷயமும் எனக்குப் பயமாக இருக்கும். இரவு இரண்டு மணிக்கு உயிரை விடலாம் என்று எண்ணம் வரும்போது, உங்களை அறிந்தவர் எட்டு மணித்தியாலத் தூரத்தில் இருப்பார்.

கிளினிக்கில் இருக்கிற தாதி

என்னைக் கேட்டால் அனேகருக்கு முதற்படி இதுதான். காரணம் எளிது: அவருக்கு உங்கள் நோய் ஏற்கெனவே தெரியும். புதிதாக ஒருவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. குளிசை எடுக்க எப்படியும் அங்கே போகப் போகிறீர்கள், அந்தப் பயணத்தில் மனத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தாதி என்றால் இரத்தம் எடுக்கிறவர், பெயர் கூப்பிடுகிறவர் என்று நம் சனம் நினைத்துவிடுகிறது. எச்.ஐ.வி. பராமரிப்பில் தாதியின் வேலையில் பாதி காது கொடுப்பதுதான். ஒருவர் முன்பு முகம் சவரம் செய்து வந்தவர், இப்போது இல்லை. குளிசைப் போத்தலில் மிச்சம் கூடுதலாக இருக்கிறது. "சுகமோ தம்பி" என்று கேட்டால் "ஓம்" என்று நிலத்தைப் பார்த்துச் சொல்கிறார். வைத்தியருக்குக் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் இது தெரியாது. மாதக்கணக்காக அதே ஆளைப் பார்க்கிற தாதிக்குத் தெரியும்.

தாதி இதை வெறும் அனுமானமாக விடவும் தேவையில்லை. பி.எச்.கியூ.-9 என்று ஒரு கேள்வித்தாள் உலகம் முழுவதும் பயன்பாட்டில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து இருந்ததா, நித்திரை எப்படி, தன்னைப் பற்றிக் கெட்ட எண்ணம் வந்ததா என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலும் பார்க்க வேண்டும், 20 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான மனச்சோர்வு என்று கொள்ளலாம். ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. மொத்தப் புள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்த ஒன்றுக்கு ஓம் என்று பதில் வந்தால் அன்றைக்கே அதைப் பற்றிப் பேசியாக வேண்டும். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகிவிடும் என்று பயப்படுகிற தாதியர் இன்னும் இருக்கிறார்கள். அப்படித் தூண்டுவதில்லை. கேட்கும்போது நோயாளிக்கு ஒரு பாரம் இறங்குவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தாளில் ஒரு சிக்கலும் உண்டு. களைப்பு, பசியின்மை, நித்திரைக் குழப்பம் எல்லாம் மனச்சோர்வாலும் வரும், நோயாலும் வரும், குளிசையாலும் வரும். அதனால் புள்ளியை மட்டும் கூட்டிப் பார்த்து முடிவெடுக்க முடியாது, நோயை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து நிறுத்துப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் எச்.ஐ.வி. கிளினிக் மற்ற எல்லா இடங்களையும் முந்துகிறது. எஃபாவிரன்ஸ் என்ற பழைய குளிசை தலைச்சுற்று, பயங்கரக் கனவு, மனச்சோர்வு எல்லாம் தரக்கூடியது. சிலரில் தற்கொலை எண்ணத்தையும் கொண்டுவரும். உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் முன்னுரிமை கொடுக்கிற டொலுடெக்ராவிர் பொதுவாக மனத்துக்கு இலகுவானது. ஆனாலும் சிலருக்கு நித்திரையைக் குழப்பும், அவர்களில் பலருக்கு இரவுக் குளிசையைக் காலைக்கு மாற்றினால் போதும். இதைத் தெரியாமல் நித்திரைக் குளிசை தேடி மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் போடுகிற குளிசையின் பெயர் என்ன என்று கிளினிக்கில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரத்தச்சோகை, தைரொயிட் கோளாறு போன்றவையும் மனச்சோர்வு மாதிரியே முகம் காட்டும். நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே போன ஒருவர் திடீரென்று ஆள் மாறிப் பேசினால், இடம் நேரம் தெரியாமல் குழம்பினால், தாங்க முடியாத தலையிடி வந்தால் அதை மனவருத்தம் என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மூளையைத் தாக்கும் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தாதியரால் பேச்சு வழிச் சிகிச்சை கொடுக்க முடியுமா, அதற்குப் படித்த நிபுணர் வேண்டாமா என்று கேட்பார்கள். தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரை ஒட்டிய கயலிட்சா என்ற ஏழ்மையான பகுதியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனச்சோர்வும் இருந்து, வைரஸும் கட்டுக்குள் வராதவர்களுக்கு, பயிற்சி பெற்ற தாதியர் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சையைக் கொடுத்தார்கள். 2021இல் வெளியான முடிவில் மனச்சோர்வும் குறைந்திருந்தது, குளிசை போடுவதும் ஒழுங்காகியிருந்தது. சிம்பாப்வேயில் உளமருத்துவர் டிக்சன் சிபண்டா தொடங்கிய நட்பு வாங்குத் திட்டம் இன்னும் எளியது. கிளினிக்குக்கு வெளியே மரநிழலில் ஒரு வாங்கு போட்டு, பயிற்சி பெற்ற வயதான பெண்கள் நோயாளியோடு இருந்து, அவருடைய பிரச்சினைகளில் ஒன்றை எடுத்து அதற்கு ஒரு சின்ன வழியை அவரையே கண்டுபிடிக்க வைப்பார்கள். ஹராரேயில் 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வந்தது. அவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் எச்.ஐ.வி. உள்ளவர்கள். ஆறு மாதம் கழித்து, வாங்கில் இருந்து பேசியவர்களின் மனநிலை வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தது. ஊரில் மூத்த பெண்களின் சொல்லுக்கு மதிப்பு இருக்கிற நம் யாழ்ப்பாணத்தில் இதை ஏன் செய்து பார்க்கக் கூடாது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

குறைகளையும் சொல்ல வேண்டும். கிளினிக்கில் கூட்டம் இருக்கும், தாதிக்கு நேரம் இருக்காது. மெல்லிய மரத்தட்டி மறைப்புக்குப் பின்னால் இருந்து பேசினால் வெளியே கேட்கும். பழகிய தாதி இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால் திரும்பவும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். எல்லாத் தாதியரும் ஒரே மாதிரியும் இல்லை. நான் வேலை செய்த ஒரு வாட்டில், எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு வெறும் இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு இரண்டு கையுறை போட்டுக்கொண்டு போனதையும், அவருடைய நோய்க்குறிப்பு ரிக்கற்றில் எல்லோர் கண்ணிலும் படும்படி சிவப்பு மையால் அடையாளம் வைத்ததையும் கண்டிருக்கிறேன். அந்த மனிதர் அன்று முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தொட்டால் இந்த நோய் தொற்றாது என்பது படித்த பாடம்தான், ஆனாலும் கை பின்வாங்குகிறது. இப்படி நடத்தப்பட்டவர் அந்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பாலியல் நோய்க் கிளினிக்கில் இருக்கிற தாதியருக்குப் பெரும்பாலும் இந்தப் பயம் இல்லை, தினமும் பழகுகிறார்கள். வாட்டில் பட்ட அவமானத்தை வைத்து கிளினிக்கையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

அங்கே போய் எப்படித் தொடங்குவது என்று கேட்டால், நீளமாக ஒன்றும் வேண்டாம். "மிஸ், குளிசை எடுக்கிறன், ஆனா மனம் சரியில்லை. தனியக் கொஞ்சம் கதைக்கேலுமோ?" இவ்வளவு போதும். அன்றைக்கு நேரம் இல்லை என்றால், கூட்டம் குறைந்த நேரம் எப்போது என்று கேட்டு ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டுப் பிள்ளைகள் இதைத் தள்ளிப் போடாதீர்கள். யாருக்கும் காரணம் சொல்ல முடியாமல் ஒவ்வொரு சம்பந்தத்தையும் தட்டிக் கழிக்கும் நெருக்கடி எத்தனையோ பேரை முறித்திருக்கிறது. இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத நிலையில் இருப்பவரிடமிருந்து துணைக்குத் தொற்றுமா என்று ஐரோப்பாவில் 782 ஆண் சோடிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. ஆணுறை இல்லாத உடலுறவிலும் ஒருவருக்குக்கூடத் துணையிடமிருந்து தொற்றவில்லை. ஆண், பெண் சோடிகளிலும் முந்திய ஆய்வு இதையே காட்டியது. இந்தச் செய்தியைத் தாதி ஒரு முறை நிதானமாக விளங்கப்படுத்தியதால் மட்டும் தலை நிமிர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

மனநலப் பிரிவு

பெரியாஸ்பத்திரியிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. போர்க்காலத்தில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் கட்டி வளர்த்த சேவை இது. இடப்பெயர்வு, காணாமல் போன பிள்ளை, செல் விழுந்த வீடு என்று ஏற்கெனவே காயப்பட்ட மனத்தின் மேல் இந்த நோயும் வந்து விழுந்தவர்கள் நம்மிடையே அதிகம். 1995 இடப்பெயர்வையும் 2009 இறுதிப்போரையும் கடந்த ஒருவரின் நித்திரையின்மைக்கு எச்.ஐ.வி. மட்டும் காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், இதுவே இந்த வழியின் பலம்.

போகத் தயங்குவதற்கு ஒரே காரணம் "விசர்" என்ற பட்டம். எச்.ஐ.வி. பட்டத்துக்கு மேல் இதையும் ஏன் சுமக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். தெல்லிப்பழைக்குப் போவது பற்றி ஒன்று சொல்கிறேன்: அங்கே புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது, பொது வாட்டுகளும் இருக்கின்றன. வாசலுக்குள் போகிறவர் எந்தப் பிரிவுக்குப் போகிறார் என்று றோட்டில் நிற்கிறவருக்குத் தெரியாது.

அந்தக் கேள்வித்தாளின் புள்ளி 20 அல்லது அதற்கு மேல் போனால், சாகும் எண்ணம் வந்தால், இல்லாத குரல் கேட்டால், குடி கட்டுப்பாடில்லாமல் போனால் தாதியிடம் பேசுவது மட்டும் போதாது, இங்கே வர வேண்டும். தரும் குளிசைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். ஒரு கிழமையில் ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. தேறிய பிறகும் ஏறக்குறைய ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்துவதானால் வைத்தியர் சொல்லும் விதமாகப் படிப்படியாக நிறுத்த வேண்டும். பழக்கமாகி அடிமைப்படுத்தும் என்ற கதை மனச்சோர்வுக் குளிசைகளுக்குப் பொருந்தாது.

எச்.ஐ.வி.யைச் சொல்லாமல் மனநலப் பிரிவுக்குப் போகலாமா? பலர் அப்படித்தான் போகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: மருந்து எழுதும் வைத்தியருக்கு மட்டும் சொல்லுங்கள். மனம் ஏறி இறங்குவதற்கும் வலிப்புக்கும் கொடுக்கிற கார்பமஸெபின் என்ற குளிசை, டொலுடெக்ராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதானால் டொலுடெக்ராவிரை நாளுக்கு இரண்டு முறை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். மாறாக, மனச்சோர்வுக்கு வழமையாகக் கொடுக்கிற சேர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றுக்கு டொலுடெக்ராவிரோடு பெரிய பகை இல்லை. மறைத்தால் எது எதோடு மோதுகிறது என்று பார்க்க ஒருவரும் இல்லாமல் போய்விடும். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் எச்.ஐ.வி. கிளினிக் வைத்தியரிடம் ஒட்டிய உறையில் ஒரு கடிதம் வாங்கிப் போகலாம். வரிசையில் பெயர் பதிகிறவருக்கு அதைக் காட்ட வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் பார்சலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜேர்மனியிலும் சுவிஸிலும் மனச்சோர்வுக்கு யொகானிஸ்கிறவுட் என்ற மூலிகைக் குளிசை கடையிலேயே வாங்கலாம். "மூலிகைதானே, ஒண்டும் செய்யாது" என்று அங்கிருந்து அக்கா அனுப்பிவிடுவார். அது ஏ.ஆர்.டி. மருந்துகள் பலவற்றின் அளவை உடம்பில் குறைத்துவிடும். எச்.ஐ.வி. உள்ளவர் அதைத் தொடவே கூடாது. இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளையும் டொலுடெக்ராவிரையும் வெறும் வயிற்றில் ஒன்றாகப் போடக்கூடாது. எப்படி இடைவெளி விடுவது என்று கிளினிக்கில் சொல்வார்கள்.

உளவளத்துணையும் சக நோயாளிகளும்

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணைக்கு ஒரு நீண்ட மரபு இருக்கிறது. போர்க்காலத்திலிருந்தே சாந்திகம் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே ஆட்களைப் பயிற்றுவித்திருக்கின்றன. பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மருந்து தருவதில்லை என்பதால் மோதல் பயம் இல்லை. எச்.ஐ.வி. என்ற சொல்லைச் சொல்லாமலே "ஒரு பெரிய வருத்தம் வந்திருக்கு, அதை ஏற்க முடியேல்லை" என்று தொடங்கி நிறையப் பேசலாம். ஒரு மணித்தியாலம் குறுக்கே பேசாமல் கேட்பார்கள், அது கிளினிக்கில் கிடைக்காத வசதி. புள்ளி 10க்கு அண்மையில் நிற்பவருக்கு, குடும்பச் சண்டை, துரோகம், துக்கம் கலந்தவருக்கு நான் இதைத் தாதியோடு சேர்த்துச் சொல்வேன். பிரதேச செயலகம் என்றால் உங்கள் ஊர் ஆட்கள் வந்துபோகும் இடம், அதனால் வேறு பிரதேசத்துக்குப் போவது மனத்துக்கு நிம்மதி.

சக நோயாளிகளின் துணை வேறு மாதிரி. "உனக்கு விளங்காது" என்று சொல்ல முடியாத ஒரே ஆள் அவர்தான். உகண்டாவின் வடக்கில், நம்மைப் போலவே போரைக் கண்ட ஒரு பிரதேசத்தில், எச்.ஐ.வி.யும் மனச்சோர்வும் உள்ள 1140 பேரை வைத்து எத்தல்ரெடா நகிமுலி-ம்புங்கு என்ற உளமருத்துவர் நடத்திய ஆய்வு 2020இல் வந்தது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று குழுக்கள் அமைத்து, பயிற்சி பெற்ற ஊர்ச் சுகாதாரத் தொண்டர்கள் நடத்தினார்கள். துக்கத்தைப் பேசியதோடு விடாமல் சின்னத் தொழில் செய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அந்தக் குழுவில் 578 பேரில் 2 பேருக்கு மட்டுமே பெரும் மனச்சோர்வு மிச்சம் இருந்தது. வெறும் சுகாதாரக் கல்வி பெற்ற மற்ற 562 பேரில் 160 பேருக்கு இருந்தது.

இந்த எண்களைப் பார்த்து மனம் துள்ளுகிறது, ஆனால் யாழ்ப்பாணத்துக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. இலங்கையில் வயது வந்தவர்களில் 0.1 வீதத்துக்கும் குறைவானவர்களுக்கே எச்.ஐ.வி. இருக்கிறது. இந்தச் சின்னக் குடாநாட்டில் பத்துப் பேர் ஒரு அறையில் கூடினால் அதில் ஒருவர் மற்றவரின் மச்சானாக இருப்பார். கூட்டமாகக் கூடுவதைவிட, கிளினிக் தாதி இரண்டு பேரின் சம்மதத்தையும் கேட்டு, ஒருவரை ஒருவருக்கு அறிமுகம் செய்துவைப்பது இங்கே பொருந்தும். நாட்டளவில் லங்கா பிளஸ் போன்ற, எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களே நடத்துகிற அமைப்புகள் இருக்கின்றன, அவர்களோடு போனில் பேசத் தொடங்கலாம். ஆணோடு உறவு வைத்திருப்பதால் நோய் வந்த ஓர் இளைஞனுக்கு, ஒருபால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவு தரும் பயமும் வீட்டுப் பயமும் சேர்ந்து இருக்கும். அவன் தாதியிடம்கூட முழுவதையும் சொல்ல மாட்டான், தன்னைப் போன்ற ஒருவரிடம் சொல்வான். அவனுக்கு நான் இந்த வழியை முதலில் வைப்பேன்.

கோயிலும் தேவாலயமும் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நல்லூரில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தால் மனம் ஆறுகிறதென்றால் போங்கள், அதை எந்தக் குளிசையும் தராது. நேர்த்தி என்று சொல்லிக் குளிசையை நிறுத்துவது, செபத்தால் சுகமாகிவிட்டது என்று கிளினிக்கை விடுவது, இந்த இரண்டும் உயிருக்கு ஆபத்து.

யாருக்கு எது

கர்ப்ப காலப் பரிசோதனையில் நோய் தெரிந்த தாய்க்கு நேரம் குறைவு, அவருக்குக் கிளினிக் தாதியும் மனநலப் பிரிவும் இரண்டுமே வேண்டும், ஒன்றுக்கொன்று தெரிந்தும் இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தொற்றிவிடுமோ என்ற பயம்தான் அவரை அரித்துத் தின்னும். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை இல்லாதொழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அங்கீகரித்தது. தாய் ஒழுங்காகக் குளிசை போட்டால் பெரும்பாலும் பிள்ளை தப்பும். இதை முதல் நாளே, முதல் வாக்கியமாகவே அவருக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தருக்கு எவ்வளவு தெரியும், மாமியார் முன்னால் அவர் என்ன பேசுவார் என்பதையும் கிளினிக்கில் வைத்தே ஒழுங்கு செய்துகொள்ளலாம்.

வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தெரிய வந்து, விசாவும் போய், கடனும் நிற்கிற இளைஞனுக்குப் பேச்சோடு வருமானத்துக்கும் வழி தேவை. உளவளத்துணையாளரும் தாதியும் சேர்ந்து இருந்தால்தான் அவன் நிமிர்வான். நெடுந்தீவில் இருந்து படகு ஏறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து வருகிற ஒருவரிடம் கிளினிக்குக்கு ஒரு நாள், மனநலப் பிரிவுக்கு இன்னொரு நாள் என்று சொன்னால் இரண்டையும் விட்டுவிடுவார். ஒரே நாளில் இரண்டும் முடிகிற மாதிரிப் பெரியாஸ்பத்திரியிலேயே நாள் குறித்துத் தரும்படி தாதியிடம் கேட்க வேண்டும், கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள்.

நோயாளிக்குத் துணை போகிற வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. எந்த வழி என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டு ஆளை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் விடுவது என்பது அவருடைய உரிமை. உங்களால் செய்யக்கூடியது, கிளினிக் நாளில் வெளியே வாங்கில் காத்திருப்பதும், குளிசை நேரத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்துக் கொடுப்பதும், தனித் தட்டு, தனிக் கோப்பை என்று பிரிக்காமல் இருப்பதும்.

உயிரை விடும் எண்ணம் வந்த இரவில் இந்த ஒப்பீடு ஒன்றும் தேவையில்லை. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு 24 மணித்தியாலமும் எடுக்கலாம். அல்லது ஓட்டோ பிடித்து நேரே பெரியாஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். வாசலில் எச்.ஐ.வி. பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, உள்ளே பார்க்கும் வைத்தியரிடம் மட்டும் போடுகிற குளிசைகளின் பெயர் எழுதிய துண்டைக் கொடுங்கள்.

மற்ற நாட்களில், அடுத்த கிளினிக் திகதி வரும்போது தாதியிடம் கேள்வித்தாளைக் கேட்டு நிரப்பி, புள்ளியை உங்கள் கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். நான்கு கிழமை கழித்துத் திரும்ப நிரப்புங்கள். இறங்கியிருந்தால் அதே வழியில் தொடருங்கள். அப்படியே நின்றாலோ ஏறியிருந்தாலோ, அந்தக் கொப்பியையே காட்டி மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள்.